கோயில் தெரு வழியாக

"பாடையை எறக்குங்க!"

தூக்கிய நாலு பேரும் திகைத்து நின்றார்கள். வழியை மறித்தவள் செத்துப்போன மலைச்சாமியின் ஒரே மகள் கண்மணி.

"காரட் காட்டு வழியா எங்கய்யாவைக் கொண்டுபோக விட மாட்டேன். கோயில் தெரு வழியாத்தேன் போகணும்."

ஊர்ப் பெரியவர் பொன்னுவேல் தலையைச் சொறிந்தார். அம்மன் சொத்தில் கைவைத்தவன், உயிரோடும் சரி, பிணமாகவும் சரி, கோயில் தெருவில் போகக்கூடாது. வில்பட்டிக்கு மேலே இருந்த அந்தச் சிற்றூரின் கட்டுப்பாடு அது. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் கோயில் மணி களவு போனது. மலைச்சாமிதான் எடுத்தான் என்று எவனோ சாட்சி சொல்ல, எட்டு மாதம் தண்டனை. மணி காணாமல்போன ஆறாந்தேதி ராத்திரி அவர் கொடைக்கானல் மிஷன் ஆஸ்பத்திரியில், பிரசவ வலியில் கிடந்த மனைவி கந்தம்மாளோடு இருந்தார். ஆஸ்பத்திரிச் சீட்டை அப்பீலுக்காக மதுரை வக்கீல் தண்டாயுதபாணியிடம் கொடுத்தார்கள். அவரோ கேஸ் கட்டைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் கோர்ட்டில் எழுந்து, "சின்ன மணிதான் எசமான், ஏதோ புத்தி கெட்டு எடுத்துட்டான். தண்டனையைக் குறைக்கணும்" என்றார். அப்பீல் தள்ளுபடி.

மலைச்சாமி ஜெயிலிலிருந்து சிரித்துக்கொண்டேதான் வந்தார். "கந்தம்மா சமையலுக்கு ஜெயில் களி தேவலாம்டா" என்று ஊரையும் சிரிக்க வைத்தார். வக்கீலிடம் போய்க் கேட்கலாம் என்று கண்மணி சொன்னால், "விடு தாயி, அவரும் புள்ளகுட்டிக்காரரு" என்பார். ஆனால் அதன் பிறகு கோயில் தெருவில் அவர் கால் வைக்கவில்லை. மனைவியும் மகளும் அவரோடு காட்டைச் சுற்றியே நடந்தார்கள். அவர் சிரிக்கும்போதெல்லாம் கண்மணிக்கு வலித்தது.

"அவன் வக்கீலே ஒத்துக்கிட்டாரே ஆத்தா, நான் என்ன செய்ய?" என்றார் பொன்னுவேல்.

"அந்த வக்கீலே வந்து இல்லேன்னு சொன்னா?"

"சொன்னாச் சரிதேன். அவரு எங்க வரப்போறாரு?"

"கட்டைப் பிரிச்சுப் பாத்து, சீட்டோட வாங்கன்னு நேத்தே தந்தி அடிச்சாச்சு. அவரு வர்ற வரைக்கும் எல்லாரும் காப்பியக் குடிங்க."

கொட்டுக்காரர்களுக்குக் கொண்டாட்டம். மூன்றாவது காப்பி முடியும்போது, காய்கறி லாரியிலிருந்து கறுப்புக் கோட்டும் மப்ளருமாக ஒரு கிழவர் வெடவெடத்துக்கொண்டு இறங்கினார். கூட்டத்தைக் கண்டதும் பழக்கதோஷத்தில் பொன்னுவேலை நோக்கிக் குனிந்து, "கனம் கோர்ட்டார் அவர்களே" என்று ஆரம்பித்தார். சாவு வீடு கொல்லென்று சிரித்தது. வக்கீல் சிரிக்கவில்லை.

"மலைச்சாமி எடுக்கலைங்க. சீட்டு என் கட்டுக்குள்ளதான் இருந்துச்சு. படிக்காமலே போய்ப் பேசினேன். ஜெயிலுக்குப் போயிருக்க வேண்டியவன் நான்."

அவர் நீட்டிய பழுப்பேறிய சீட்டைப் பொன்னுவேல் எழுத்துக்கூட்டிப் படித்தார். "ஆறாந்தேதி சாயங்காலம் வந்து, ஏழாந்தேதி மத்தியானம் வரை மலைச்சாமி கூடவே இருந்தார். பெண் குழந்தை." தலையைத் தூக்கினார். "இந்தப் புள்ள..."

"நாந்தேன் பெரியப்பா."

பொன்னுவேல் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டினார். "ஏலே, வெலகுங்க" என்று தானே ஒரு பக்கம் தோள் கொடுத்தார். மறுபக்கம் வக்கீல் வந்து நின்றார். "கோயில் தெருவுல திருப்புங்க. வெரசா!"

கோயில் தெருக்கோடி முச்சந்தியில் பெண்கள் நின்றுவிட்டார்கள். கொட்டுச் சத்தம் இறக்கத்தில் தேய்ந்து மறைந்தது. கந்தம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வீட்டுக்குத் திரும்ப வழக்கம்போலக் காட்டுப் பாதையில் இறங்கப் போனாள். கண்மணி அவள் கையைப் பிடித்தாள்.

"அங்கிட்டு இல்லம்மா."

கோயில் தெரு முழுக்கச் செவ்வந்திப்பூ இறைந்து கிடந்தது. கந்தம்மாள் கொஞ்ச தூரம் சுவரோரமாகவே நடந்தாள். பிறகு நடுத்தெருவுக்கு வந்தாள்.