ஒற்று மிகுந்த கோப்புறை

1

2024 நவம்பர் 17, ஞாயிறு. காலை ஆராதனை முடிந்து, தூத்துக்குடியில் என் வீட்டுக் கணினியின் முன் அமர்ந்தபோது மணி பதினொன்று நாற்பது. வன்வட்டின் முழுப் பட்டியலையும் அன்றுதான் முதன்முறையாகத் திறந்தேன். இரண்டு கோப்புறைகள் இருந்தன: ‘மாலை பேச்சு’, ‘மாலைப் பேச்சு’. இக்கதை அந்த ‘ப்’பிலிருந்து பிறந்தது.

2

துறைமுகத்தில் கப்பல்கள் விளக்கேற்றும் வேளையில் முதியவர் ஒருவர்…

(நீக்குக. அவர் ‘முதியவர் ஒருவர்’ அல்லர்; என் கணவர் ஜேசுபாதம். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர்.)

பக்கவாதத்தால் நாக்கு குழறியபின், மருத்துவர் சொன்ன பயிற்சிக்காக மாலைதோறும் கைப்பேசியில் பேசிப் பதிந்தார்: அன்று கண்ட கப்பல், உப்பளத்து வெயில், குழம்பில் குறைந்த புளி. அவற்றைச் சேமிக்க ‘மாலை பேச்சு’ என்றொரு கோப்புறையை உருவாக்கினார். அங்கே ஒற்று மிகும் என்றேன்.

“டீச்சரம்மா, ப் போட்டா எம் நாக்கு நிமிந்துருமா?” என்றார்.

3

அவரை அடக்கம் செய்த வாரம், கைப்பேசியில் எஞ்சியிருந்த ஒன்பது பதிவுகளை மகள் எமில்டா கணினிக்கு நகலெடுத்தாள். சேரவேண்டிய கோப்புறையின் பெயரை அப்பா எழுதியவாறே நகலெடுக்கும் கட்டளையில் தட்டச்சிட்டுவிட்டு, தேநீர் போடச் சென்றாள்.

(இங்கே ஓர் ஐயம். அந்த இடைவேளையில் ஒரு ‘ப்’பைச் செருகுகிறவள் இருப்பாளா? வாசகர் நம்பமாட்டார். இருந்தாள். நான்தான்.)

திரும்பி வந்தவள் கவனியாமல் விசையை அழுத்தினாள். அப்பெயரில் கோப்புறை இல்லையெனில் நிரல் தானே ஒன்றை உருவாக்கிக்கொள்ளும், எவரையும் கேட்காது. ஒன்பதும் நகலாயின என்று காட்டியது. எமில்டா கைப்பேசியிலிருந்தவற்றை அழித்துவிட்டு, அன்றே சென்னைக்கு ரயிலேறினாள்.

மறுநாள் அவருடைய பழைய கோப்புறையைத் திறந்தேன். அந்த ஒன்பதும் அதில் இல்லை. தொலைபேசியில் அவளை அழைத்தேன்.

“ஒம்பதும் ஏறிட்டும்மா. நா பாத்தேன்.”

“பாத்தவளுக்கு எங்கன இருக்குன்னு தெரியாதோ? ஏளா, அப்பா சத்தத்த அழிச்சிட்டியே.”

அதன்பின் பதினொரு மாதங்களாக அவள் என்னுடன் பேசவில்லை.

4

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன். ஒன்றில் எமில்டா அழுகிறாள், அழவேண்டியவள் அவளல்லள். மற்றொன்றில் நிரலைக் குற்றஞ்சாட்டினேன். அது எழுதியதை எழுதியவாறே செய்தது. இன்னொன்று இப்படித் தொடங்குகிறது: என் இலக்கணம் சரிதான், ஆனாலும்…

அவ்வாக்கியத்தை முடிக்க இயலவில்லை.

5

இறுதியாகத் தீர்மானித்தவை: ‘ப்’ உள்ள கோப்புறையில் கிடந்த ஒன்பது பதிவுகளையும் எமில்டாவுக்கு அனுப்பினேன். உடன் ‘ப் போட்டது நான்’ என்று மட்டும் எழுதினேன். அவள் கேட்கும்வரை நான் அவற்றைக் கேட்பதில்லை. அவற்றை அவருடைய கோப்புறைக்கு மாற்றிவிட்டு மற்றதை நீக்கினேன். இன்றுவரை பதில் வரவில்லை; ஆகவே முடிவை நான் எழுதவில்லை. இக்கதையையும் ‘மாலை பேச்சு’ என்பதற்குள்ளேயே வைத்திருக்கிறேன், ஒற்றில்லாமல்.