ரப்பர் மெத்தைச் சத்திரம்

இருசப்பனுக்குப் புத்தி கொஞ்சம் ஜாஸ்தி. செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குப் பக்கத்துச் சந்தில் இருந்த சொந்த வீட்டை வெள்ளைக்காரர்களுக்கு ஒழித்துக் கொடுத்துவிட்டு, பெண்டாட்டி சந்திரகலாவோடு பின்பக்க மாட்டுக்கொட்டகைக்குக் குடிபோனவன். அவள் கழுத்துச் சங்கிலி அடகுக்கடைக்குப் போனது. அறைகளுக்கு ரப்பர் மெத்தை, கொசுவலை, நிலைக்கண்ணாடி, உட்காரும் கக்கூஸ் எல்லாம் வந்தன. கார்த்திகை தீபத்துக்கு வாடகையை ஏற்றினால் சங்கிலியை மீட்டுவிடலாம் என்பது திட்டம்.

வெள்ளைக்காரர்கள் குடிவந்த கையோடு வந்தவர் வீட்டுவரி பில் கலெக்டர் சுப்பிரமணி. மெத்தையை விரலால் அழுத்திப் பார்த்தார்.

"குடியிருக்கிற வீட்டுக்கு ஒரு வரி, வாடகைக்கு விடுற லாட்ஜுக்கு ஒரு வரி. இது எதுங்க?"

"ரெண்டும் இல்லீங்க சார். தர்ம சத்திரம். பக்தருங்க சும்மா வந்து தங்கிட்டுப் போறாங்க."

"கக்கூஸ்ல நாற்காலி போட்ட சத்திரத்த இப்பதான் பாக்கறேன்." சுப்பிரமணி சிரிக்கவில்லை. "சத்திரம்னா வரி கிடையாது. ஆனா வாசல்ல போர்டு இருக்கணும். நான் அப்பப்ப வந்து பாப்பேன்."

அன்று சாயங்காலமே 'தர்ம சத்திரம், தங்க இலவசம்' என்று போர்டு ஏறியது. உள்ளே இருந்த வெள்ளைக்காரர்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அவர்கள் பாட்டுக்கு வாடகை கொடுத்தார்கள். சர்க்காரையே ஏமாற்றிய பூரிப்பில் இருசப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவில் உலாவினான்.

தீபத்துக்கு முந்தின நாள், தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் வந்தார்கள்.

கீழ்பென்னாத்தூரிலிருந்து தங்கம்மாள் என்பவள் ஒரு வேன் ஜனத்தோடு இறங்கினாள். "மகராசன், நல்லா இருப்பே," என்று இருசப்பனை வாழ்த்திவிட்டு மெத்தைமேல் வேர்க்கடலை மூட்டையை வைத்தாள். கொசுவலையில் யாரோ தூளி கட்டினார்கள். வெள்ளைக்காரர்கள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

"என் சங்கிலி என்னாச்சு?" என்றாள் சந்திரகலா.

இருசப்பன் தொண்டையைச் செருமினான். "இது வாடகை வீடும்மா, எழுந்திருங்க."

"ஏம்ப்பா, தர்மம்னு எழுதி வச்சிட்டு தீபத்துக்கு வந்த ஜனத்தத் தொரத்துவியா? அடுக்குமா?" தங்கம்மாள் போட்ட சத்தத்தில் சந்தே கூடிவிட்டது.

அந்த நேரம் பார்த்து சுப்பிரமணி வந்தார். இருசப்பன் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"லாட்ஜுன்னே எழுதிக்கோங்க சார். எவ்ளோ வரி போட்டாலும் கட்டிடறேன். இவங்கள மட்டும் காலி பண்ணச் சொல்லுங்க."

"நல்லா இருக்குதே. தர்மத்துக்கு வரி போட்டா சாமி கண்ணக் குத்திடும்." சுப்பிரமணி பின்னால் திரும்பிக் கையசைத்தார். மூட்டை முடிச்சோடு ஒரு கும்பல் முன்னால் வந்தது. "நம்ம மாமியார் ஊட்டு ஜனம். ரூம்ல இடம் இல்லன்னா பரவால்ல, பின்னாடி கொட்டாய்ல படுத்துக்குவாங்க."

சந்திரகலா கொட்டகைக்குள் போய்ப் பாயைச் சுருட்டி மூலையில் சாத்தினாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"எங்கடி கிளம்பிட்டே?"

"மலை சுத்த. நடந்துகினே இருந்தா படுக்க இடம் வேணாம் பாரு. கழுத்துலயும் ஒண்ணும் இல்ல, திருட்டு பயமில்லாம கூட்டத்துல போலாம். நீயும் வா."