பீரோவுக்குள் பாடம்

"பொண்ணு பாக்க வர்றவங்க திரும்பிப் போற வரைக்கும் இந்தச் சனியன் வெளிய வரக்கூடாது." ஆறுமுகசாமி சின்ன மகளின் டேப்லெட்டைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார்.

"ஏனுங்க, வைஷாலிக்கு நாளைக்குப் பரீச்சைங்க. அது படிச்சுக் காட்டினாத்தான அவளுக்கு ஏறும்?" என்றாள் லீலா.

"சின்னவளுக்கு எழுத்து வராதுன்னு தெரிஞ்சா, மூத்தவள எவன் கட்டுவான்? நாளைக்கு ஸ்கூலுக்கும் கொண்டுபோக வேண்டாம். சும்னிரு!" என்று கன்னடத்தில் அதட்டினார்.

பத்தாவது படிக்கும் வைஷாலி காதால் கேட்டதைப் பிசகாமல் திருப்பிச் சொல்லுவாள். அச்செழுத்துதான் கண்ணில் நிற்காது. வருஷக்கணக்கில் மக்கு என்று பேர் வாங்கியவளுக்கு, பக்கத்தைப் படம் பிடித்தால் வாசித்துக் காட்டும் டேபைப் பழக்கிவிட்டது ஒரு டீச்சரம்மா. பரீட்சையில் அதை வைத்துக்கொள்ள அனுமதியும் வாங்கித் தந்தார். இதையெல்லாம் புருஷனிடம் சொல்லிச் சொல்லி லீலாவுக்கு வாய் ஓய்ந்துவிட்டது.

மாப்பிள்ளை வீட்டாரான கொள்ளேகால்காரர்கள், இவர்கள் குடியிருக்கும் மண்டி மொஹல்லா சந்துக்குள் கார் நுழையாமல் நடந்தே வந்து சேர்ந்தார்கள். மூத்தவள் சுசித்ரா காபி கொடுத்தாள். மாப்பிள்ளையின் அம்மா கௌரம்மா, வீடு பார்க்கிற சாக்கில் சமையல்கட்டுக்குள் வந்தாள். மூலையில் வைஷாலி, வரிக்கடியில் விரலை நகர்த்தி, ஒரே வரியைத் திரும்பத் திரும்ப எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தாள்.

கௌரம்மா அந்த விரலையே பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "என்ற சின்ன மக மாதேவியும் இப்படித்தானுங்க. ஒம்பதாவதோட நிறுத்திப் போட்டோம். கேக்கறவங்ககிட்ட ஒடம்பு சரியில்லைன்னு சொல்லிக்கறது."

"இதுக்கு மிஷின் இருக்குதுங்க. படிச்சுக் காட்டும்."

"அப்படியொண்ணு இருக்குதுங்களா?" கௌரம்மாவின் கண் கலங்கியது. உடனே ஹால் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "நான் இதச் சொன்னத எங்க வீட்டுக்காரர் காதுல போட்றாதீங்க. மாதேவி சங்கதி தெரிஞ்சா நீங்க பொண்ணு குடுக்க மாட்டீங்கன்னு பயந்துட்டிருக்கார்."

லீலாவுக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு வீட்டு ஆண்களின் மீதும் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நேராக ஹாலுக்குப் போய்க் கணவனிடம் கையை நீட்டினாள்.

"பீரோ சாவி குடுங்க."

வந்தவர்கள் முன்னால் அவரால் மறுக்க முடியவில்லை. லீலா டேபை எடுத்து, வைஷாலியைக் கூப்பிட்டு ஹாலிலேயே உட்கார வைத்தாள். "காதுல மாட்டாத கண்ணு. சத்தமாவே வை."

டேப் சமூக அறிவியல் வாசிக்கத் தொடங்கியது.

"என்னதுங்க இது, ரேடியோவா?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

"ஆமாங்க, சும்மா..." ஆறுமுகசாமி மழுப்பினார்.

"இல்லீங்க," என்றாள் லீலா. "எங்க சின்னவளுக்கு எழுத்து நிக்காது. இத வெச்சுத்தான் படிக்கிறா. நாளைக்குப் பரீச்சைக்கும் இதோடதான் போவா. அதுக்கப்புறம் உங்களுக்குச் சம்மதம்னா மத்ததைப் பேசுவோம்."

சமையல்கட்டு வாசலில் நின்ற கௌரம்மா புருஷனைப் பார்த்தாள். அவர் தலை நிமிரவே இல்லை.