ஊத்தங்குளம் விலக்கு

தென்காசியில் சைக்கிள் வாங்கினால் பின்னால் உட்காருவதற்கு ஓர் ஆளும் சேர்ந்து வருவார். காற்றடிக்கும் பம்பையும் பூட்டையும் தனியாக வாங்க வேண்டும். ஆள் சேர்ந்தே வருவார். கடைக்காரர் கேரியரின் கடைசித் திருகை முடுக்கிவிட்டு ஒதுங்கியதும், அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒருபக்கமாக ஏறி உட்காருவார். யார் வருவார் என்பது வாங்குகிறவர் கையில் இல்லை. சைக்கிளின் நிறத்தை மட்டும் தேர்ந்தெடுக்கலாம்.

உலகம்மாள் பச்சை நிறம் கேட்டாள். திரவியம் அண்ணாச்சி வந்தார்.

அண்ணாச்சிக்கு ஐம்பது தாண்டியிருந்தது. கனத்த உடம்பு. நல்ல மனிதர். காலையில் அவள் சைக்கிளை வெளியே எடுக்கும்போது வெற்றிலையை மென்றபடி தெருமுனையில் நிற்பார். சாயங்காலம் அவள் பூட்டியதும் தன் வீட்டுக்குப் போய்விடுவார். வழியெல்லாம் அவளுடைய தூக்குவாளியை மடியில் வைத்துப் பிடித்துக்கொள்வார். "மேடு வருது, தாயி" என்பார். மேடு வந்தால் இறங்கமாட்டார். "எறங்கிட்டா அப்புறம் நான் எதுக்கு?" என்பார். அதற்குப் பதிலாக முன்பக்கம் குனிந்துகொள்வார். அது ஓர் உதவி என்று அவர் நம்பினார்.

உலகம்மாளுக்குப் புறவழிச்சாலையில் உள்ள எடைமேடையில் வேலை. லாரிகள் வரும், மேடையில் ஏறி நிற்கும், எடை பார்த்ததும் போகும். ஒருநாள் உப்பு ஏற்றி வந்த டிரைவர் ஒருவர், ரசீதுக்குக் காத்திருந்த நேரத்தில், மணப்பாட்டைப் பற்றிச் சொன்னார். கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும் மணல்மேடு. மேலே சர்ச்சும் கலங்கரை விளக்கமும். "அங்கன போய் உக்காந்தா நம்மகிட்ட யாரும் ஒண்ணும் கேக்கமாட்டாங்கக்கா" என்றார்.

நாள் முழுக்க ஆட்கள் ஏதாவது கேட்டுக்கொண்டே இருக்கும் இடத்தில் உட்கார்ந்திருந்த உலகம்மாளுக்கு இந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது.

அவள் மணப்பாட்டுக்குக் கிளம்பினாள். போய்ச் சேரவில்லை. ஆலங்குளம் தாண்டியதும் ஊத்தங்குளம் விலக்கு வரும். வலதுபக்கம் ஒரு சிறிய தார்ச்சாலை பிரிந்து ஊத்தங்குளத்துக்குப் போகும். ஊத்தங்குளம் முழுக்க அண்ணாச்சியின் சொந்தக்காரர்கள். அந்த இடத்தில் அண்ணாச்சி லேசாகச் செருமுவார். ஒரு சாய்வு தெரியும். சைக்கிள் திரும்பிவிடும். அங்கே ஒரு வீட்டில் காதுகுத்து நடந்துகொண்டிருக்கும். அண்ணாச்சியின் மதினி முறையான பிச்சம்மாள் வாசலில் நின்று, முதலில் சைக்கிளின் ஹேண்டில்பாரில் சந்தனமும் குங்குமமும் வைப்பாள், பிறகு உலகம்மாளுக்கு, கடைசியில் அண்ணாச்சிக்கு. மூன்று பேரும் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவார்கள்.

அடுத்த முறை கிளம்பியபோது நிச்சயதார்த்தம். அதற்கடுத்த முறை புதுவீட்டுக்குப் பால் காய்ச்சினார்கள். ஒன்றுமே இல்லாத நாளில் போனபோதுகூட, வந்ததற்காக ஒரு கிடாய் வெட்டினார்கள். உலகம்மாள் எதையும் குறை சொல்லமுடியாது. சாப்பாடு எப்போதும் நன்றாகவே இருந்தது. ஆனால் போகக் கிளம்பிய இடத்துக்கு ஒரே ஒரு தடவையாவது போய்ச் சேராமல் செத்துப்போய்விடுவோமோ என்று அவளுக்குப் பயம் வந்தது.

அதனால் லீவு போட்டுவிட்டுக் கோயம்புத்தூருக்கு ரயில் ஏறினாள்.

பீளமேட்டில் வளர்மதி என்ற பெண் இரும்புக் குழாய்களை அறுத்து, பித்தளையை உருக்கிப் பொருத்தி, கையாலேயே சைக்கிள் செய்துகொண்டிருந்தாள். கோயம்புத்தூரில் சைக்கிளோடு ஆள் வருவதில்லை. வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.

சுவரில் பாதி முடிந்த ஒரு சைக்கிள் உடம்பு தொங்கியது. இன்னும் வர்ணம் அடிக்கவில்லை. குழாய்கள் ஒல்லியாக இருந்தன. இரண்டு குழாய்கள் சேரும் இடத்தில் உலகம்மாள் விரலை ஓட்டிப் பார்த்தாள். ஒன்று எங்கே முடிந்து மற்றது எங்கே தொடங்கியது என்று விரலுக்குத் தெரியவில்லை. நகத்தால் சுண்டினாள். கண்ணாடித் தம்ளரைக் கரண்டி தொட்டதுபோல ஓர் ஓசை வந்தது. ஓசை நின்ற பிறகும் குழாய் கொஞ்ச நேரம் யோசித்துக்கொண்டிருந்தது.

"நல்லா இருக்குதுங்களாக்கா?" என்றாள் வளர்மதி.

"எடை எவ்வளவு இருக்கும்?"

"நீங்க ஏறாதப்போ ஒண்ணுமே இருக்காதுங்க."

எடைமேடையில் வேலை பார்க்கிறவளுக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. வளர்மதி அவளைச் சுவரோடு நிற்கவைத்து காலையும் கையையும் தோளையும் அளந்தாள். பிறகு டேப்பைச் சுருட்டிக்கொண்டே கேட்டாள்.

"தனியாப் போறதுக்குத்தானுங்களே? எவ்வளவு தனியா வேணுமுங்க?"

"என்ன மாதிரி எல்லாம் இருக்கு?"

"சில பேருக்குப் பின்னால ஆள் இல்லாம இருந்தாப் போதுமுங்க. சில பேருக்கு அந்த ஆளு நெனப்பே வரக்கூடாது. அதுக்கு வேற குழாய் போடோணும். கொஞ்சம் விறைப்பா இருக்கும், முதுகு வலிக்கும்."

உலகம்மாள் யோசித்தாள். அண்ணாச்சி மடியில் இருந்த தூக்குவாளியிலிருந்து ஒருநாளும் சாம்பார் சிந்தியதில்லை.

"ஆள் இல்லாம இருந்தாப் போதும். நெனப்பு வந்தா வந்துட்டுப் போகுது."

"கேரியர் மாட்டுற துளை?"

"வேண்டாம்."

"அப்புறம் மனசு மாறுனா துளை போட முடியாதுங்க்கா. குழாய் கோவிச்சுக்கும்."

"மாறாது" என்றாள் உலகம்மாள்.

சைக்கிள் ஆனி மாதத்தில் வந்தது. இந்த முறையும் பச்சை. பழையது இலைப் பச்சை, இது பாசிப்பயறுப் பச்சை. அவள் ஏறி உட்கார்ந்தபோது நன்றாகத் தைத்த ரவிக்கையைப் போட்டதுபோல இருந்தது. எங்கும் பிடிக்கவில்லை, எங்கும் தொளதொளக்கவில்லை. தெருவை ஒரு சுற்றுச் சுற்றினாள். மட்கார்டு கடகடக்கவில்லை. செயின் முனகவில்லை. கல் மேல் ஏறினால் குழாய் கல்லின் செய்தியைக் கைக்குச் சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்தது.

தெருமுனையில் நின்ற அண்ணாச்சி வண்டியின் பின்பக்கத்தை வெகுநேரம் பார்த்தார்.

"எங்க உக்கார?"

"இதுல உக்காரதுக்கு இல்ல, அண்ணாச்சி. நாளைக்கு மணப்பாட்டுக்குத் தனியாப் போறேன்."

"அப்ப நான்?"

"பழைய சைக்கிள் தொழுவத்துலதான் நிக்கு. கேரியர் உங்களுக்குத்தான். நீங்களே வச்சுக்கிடுங்க."

"ஓட்டுத ஆளு இல்லாம வெறுங் கேரியர வச்சு என்னத்தச் செய்ய? வத்தலா காயப் போட?"

அண்ணாச்சி வெற்றிலையைத் துப்பிவிட்டு, "தூக்குவாளிய யாரு பிடிப்பா?" என்று கேட்டார். அவர் வேட்டியை அவிழ்த்துவிட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். நடந்து போகும்போதும் கொஞ்சம் ஒருபக்கமாகவே போனார்.

மறுநாள் விடியும்போது அவள் கிளம்பினாள். ஆனி மாதக் காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாக வந்து முதுகில் கை வைத்துத் தள்ளியது. பின்னால் யாரும் இல்லை. மேடு வந்தபோது யாரும் சொல்லவில்லை. அவளே அது மேடு என்று தெரிந்துகொண்டாள். கொஞ்சம் பெருமையாக இருந்தது.

பாவூர்சத்திரத்தில் டீ குடிக்க நிறுத்தினாள். டீக்கடைக்காரர் வழக்கம்போல ஒரு சைக்கிளுக்கு இரண்டு டீ கொண்டு வந்து வைத்தார்.

"பின்னாடி ஆளு?"

"வரல."

"டீ ஆத்தியாச்சே?"

"நானே குடிச்சிடுதேன்."

"அவருக்குச் சீனி கூடப் போட்டிருக்கு."

இரண்டையும் குடித்தாள். இரண்டாவது டீயில் சீனி அதிகம்தான்.

ஊத்தங்குளம் விலக்கில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். பிச்சம்மாள் சந்தனக் கிண்ணத்தோடு ரோட்டிலேயே நின்றாள். அவளுடைய மகளுக்கு அன்று கல்யாணம்.

"வாங்க உலகு, வாங்க. முகூர்த்தத்துக்கு நேரமாச்சு. கொழுந்தனார் எங்க?"

"வரல மதினி. நான் மணப்பாட்டுக்குப் போறேன்."

"அங்க யாரு வீட்டுக் கல்யாணம்?"

"யாரு வீட்டுக் கல்யாணமும் இல்ல."

"அப்ப யாரு சாப்பாடு போடுவா?" பிச்சம்மாள் புதுச் சைக்கிளைச் சுற்றி வந்து பார்த்தாள். கிண்ணத்தில் விரலைத் தொட்டவள், வைக்காமல் விரலைத் துடைத்துக்கொண்டாள். "இது வேற ஆளுல்லா" என்றாள்.

உலகம்மாள் பெடலில் கால் வைத்தாள். ஹேண்டில்பாரை இறுகப் பிடித்துக்கொண்டு, எந்தப் பக்கமும் சாயாமல், மூச்சைக்கூட நேராக விட்டாள். சைக்கிள் நேராகப் போனது. விலக்கு பின்னால் போய்விட்டது. நாதஸ்வரம் கொஞ்ச தூரம் கூட வந்து, பிறகு அதுவும் திரும்பிப் போனது.

திருநெல்வேலியைத் தாண்டி, ஆழ்வார்திருநகரிப் பக்கம் வாழைத் தோட்டங்களுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தபோது அவளுக்கு அண்ணாச்சியின் நினைப்பு வந்தது. வளர்மதி முன்பே சொல்லியிருந்ததால் அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சற்று நேரத்தில் வலதுபக்கமாக அண்ணாச்சி அவளை முந்தினார்.

கேரியரில் ஒருபக்கமாக உட்கார்ந்திருந்தார். கேரியருக்கு முன்னால் சைக்கிள் இல்லை, கீழே சக்கரம் இல்லை. வழக்கமாகச் சீட்டின் ஸ்பிரிங்கைப் பிடிக்கும் கை, அதே உயரத்தில் காற்றைப் பிடித்திருந்தது. மடியில் ஒரு தூக்குவாளி.

"எங்க, அண்ணாச்சி?"

"மணப்பாடு."

"தனியாவா?"

"பின்ன? பாத்தா தெரியலயா?"

"நல்லா ஓடுதா?"

"குறை சொல்லப்படாது. லேசா இடதுபக்கம் இழுக்கு. நான் அந்தப் பக்கம் பாத்தே உக்காந்து பழகிட்டேம்லா."

இருவரும் கொஞ்ச தூரம் சேர்ந்து போனார்கள். பிறகு உலகம்மாள், "இப்பிடிச் சேந்து போனா ரெண்டு பேருக்கும் தனியாப் போனதா ஆகாதே" என்றாள்.

"அதான் நானும் யோசிக்கேன். ஒண்ணு செய்யி. நீ அந்த லாரிக்கு வழி விட்டுட்டு மெள்ள வா. நான் முன்னால போறேன்."

அவர் வாழைகளுக்கு நடுவே சிறிதாகிப் போனார். ஒரு பாலத்துக்கு முன்னால் அவருடைய கை மட்டும் உயர்ந்து இறங்கியது. மேடு வருகிறது என்று அர்த்தம். அவள் குனிந்துகொண்டாள்.

மணப்பாட்டில் எல்லாம் உப்பு லாரிக்காரர் சொன்னபடியே இருந்தன. மணல்மேடு இருந்தது. சர்ச் இருந்தது. உலகம்மாள் ஒரு முனையில் போய் உட்கார்ந்தாள். சைக்கிளைப் பக்கத்தில் சாய்த்து வைத்தாள். கடல் வந்து வந்து போனது. அவளிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கடல்கூடக் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் அழுதாள். அழுகை நன்றாக இருந்தது.

மறுமுனையில் அண்ணாச்சி கேரியரை மணலில் வைத்து அதன்மேல் கடலுக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தார். இருவரும் தனித்தனியாகப் பார்த்து முடித்த பிறகு அவர் எழுந்து வந்தார். தூக்குவாளியைத் திறந்தார். புளியோதரை இருந்தது.

"நல்ல இடம்" என்றார். "எனக்கும் இங்க வரணும்னு எத்தன நாள் ஆச. நீதான் ஒவ்வொரு தடவையும் ஊத்தங்குளத்துக்குத் திருப்பிருவ."

உலகம்மாள் கையில் எடுத்த உருண்டையைக் கீழே வைத்தாள். "நானா? நீங்கதான செருமுவீங்க?"

"வேண்டாம்னுதான் செருமுவேன். எனக்கு அவுகளக் கண்டாலே ஆகாது. அந்தப் பிச்சம்மா மதினி என்னப் பாத்தா எளச்சுட்டீகளேன்னு ஆரம்பிப்பா. இந்தப் பொண்ணுக்கு நம்ம சனத்து மேல இவ்வளவு பிரியமா இருக்கேன்னு வாய மூடிக்கிட்டு வருவேன்."

"நீங்க சாய்வீங்களே, அண்ணாச்சி?"

"நீ சாய்வ. நானும் சாயலன்னா விழுந்திருவேம்லா."

"நான் ஒருநாளும் சாயல."

அண்ணாச்சி அவளைப் பார்த்தார். பிறகு இருவரும் புளியோதரையைப் பார்த்தார்கள். காலையில் கேரியரைக் கழற்றும்போதே பழைய சைக்கிளுக்கு ஏதோ அவசரம் இருந்ததாக அண்ணாச்சி சொன்னார். அவர் ஸ்பேனரை வைத்துவிட்டுத் திரும்பும்போது அது ஸ்டாண்டை எடுத்துக்கொண்டு வாசலைப் பார்த்து நின்றதாம்.

அவருடைய சட்டைப் பையில் போன் அடித்தது. பிச்சம்மாள். அவள் பேசுவது கடல் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

"கொழுந்தனாரே, என்ன நீங்க ரெண்டு பேரும் இப்பிடிப் பண்ணிட்டீக? சைக்கிள மட்டும் அனுப்பிட்டு? பாவம், டயர்ல காத்து கம்மி. முகூர்த்தத்துக்கு வர முடியல. கடைசிப் பந்தியிலதான் உக்கார வச்சோம்."

அண்ணாச்சி போனைக் கையால் பொத்திக்கொண்டு உலகம்மாளிடம் திரும்பினார். "இன்னைக்கு வராதாம். மறுவீடு முடிஞ்சுதான் வருமாம்."

உலகம்மாள் புளியோதரை உருண்டையை எடுத்து வாயில் போட்டு மென்றாள்.

"ஸ்டாண்டு போட்டு உக்கார வச்சாங்களான்னு கேளுங்க, அண்ணாச்சி. இல்லன்னா பக்கத்து எலையில சாஞ்சிரும்."

அவர் கேட்டார்.

"போட்டுத்தான் வச்சாங்களாம். ரெண்டாவது தடவ பாயசம் வாங்கிச்சாம்" என்றார்.