பல்லக்காவுக்கு வந்த பங்கு

மீட்டர்காரர் செத்த அன்று கூட்டுறவுக் குடியிருப்பில் அழாமல் இருந்தது அவருடைய மனைவி ஒருத்திதான். மற்ற எல்லாரும் அழுதார்கள். மரியாதைக்குக் கண்ணைக் கசக்கிய அழுகை இல்லை, அடிவயிற்றிலிருந்து வந்த அழுகை. அவரோடு நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசியிராத மூன்றாம் மாடி நர்ஸ் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதாள். அவரைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற முதல் மாடித் தபால்காரர், தோளில் மாட்டிய பையைக்கூடக் கழற்றாமல் படிக்கட்டில் உட்கார்ந்து விக்கி விக்கி அழுதார். வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்க்கிற வேலை செத்தவருக்கு. பஸ்ஸுக்காக நின்றவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், பஸ் வந்தபோது எழுந்திருக்கவில்லை, அவ்வளவுதான். கூடத்தில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் மனைவி உலர்ந்த கண்களோடு உட்கார்ந்துகொண்டு, வந்தவர்களுக்கு நாற்காலி போதுமா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளைக் குடியிருப்பில் பல்லக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பல் டாக்டர்கள் எடுத்து அனுப்புகிற அச்சை வைத்து வீட்டிலேயே பல்செட் செய்து கொடுக்கிறவள். சமையலறை ஜன்னலோரம் ரோஸ் நிற மெழுகும் ஸ்பிரிட் விளக்கும் இருக்கும், பக்கத்தில் யார் யாருடைய ஈறுகளோ வரிசையாகக் காய்ந்துகொண்டிருக்கும். ஆளை மறந்தாலும் மறப்பாளே தவிர கடைவாய்ப் பல்லை மறக்க மாட்டாள் என்று மீட்டர்காரர் கிண்டல் செய்வார். பிள்ளை குட்டி கிடையாது. இருபத்துச் சொச்சம் வருஷம் அந்த மனுஷனோடு சண்டை போட்டு, சமாதானமாகி, சமாதானம் அலுத்துப்போய் மறுபடி சண்டை போட்டு ஓட்டிய வாழ்க்கை. அப்படிப்பட்டவளுக்குக் கண்ணீர் வரவில்லை என்றால் அது அவள் குற்றம் இல்லை, கட்டடத்தின் குணம். அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

கைவிடப்பட்ட கல்குவாரிப் பள்ளத்தைத் தூர்த்து, உறுப்பினர்களே செங்கல் சுமந்து, கலவை குழைத்துக் கட்டிய நான்கு மாடி அது. எல்லாருக்கும் சேர்த்து ஏணி ஒன்று, சுவரில் துளை போடுகிற மெஷின் ஒன்று, துணி துவைக்கிற மெஷின் கீழ்த்தளத்தில் ஒன்று, சக்கர நாற்காலி ஒன்று. ஒரு வீட்டில் தாங்காதது எல்லா வீட்டுக்கும் போகும் என்பது முதல் நாளிலிருந்தே வழக்கம். வழக்கம் முற்றிப்போய் ஒருநாள் சுவருக்குள் இறங்கிவிட்டது. இரண்டாம் மாடிக் குழந்தைக்குக் காய்ச்சல் கொதித்த ஒரு மத்தியானம் கட்டடத்தில் எல்லார் நெற்றியும் லேசாகச் சுட்டது, குழந்தை எழுந்து பந்து விளையாடப் போய்விட்டது. தையற்காரிக்குப் பிரசவ வலி கண்டபோது அவள் கட்டிலில் சாய்ந்து பத்திரிகை புரட்டிக்கொண்டிருந்தாள். கல்யாணமே ஆகாத நான்காம் மாடி முடிவெட்டுகிறவர்தான், கடையில் ஒருவருக்குப் பாதி மீசையை ஒதுக்கியிருந்தபோது, கத்தியைக் கீழே வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். யாரும் ஆச்சரியப்படவில்லை. இந்த மாதிரி ஒரு கட்டடத்தில் இடம் கிடைக்காதா என்று வெளியே ஜனங்கள் ஏங்கிக்கொண்டிருந்தார்கள்.

ஆகவே மீட்டர்காரரின் சாவும் பங்கானது. யாருக்கு என்ன வந்தது என்பது போகப்போகத்தான் தெரிந்தது. சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டாரே என்ற கோபம் தபால்காரருக்கு வந்தது, கடிதம் கொடுக்கப் போன வீடுகளில் எல்லாம் எரிந்து விழுந்தார். முடிவெட்டுகிறவர் தினமும் நான்கு மாடி இறங்கி வந்து பல்லக்கா வீட்டு வாசலில் கிடந்த ஆண் செருப்பைத் துடைத்து வைத்துவிட்டுப் போனார். குடியிருப்பின் செயலாளர் கணக்கு வாத்தியார். சாயங்காலம் எந்த வீட்டுப் பூட்டில் சாவி திரும்பினாலும் அவருக்குத் தூக்கிவாரிப் போடும், வந்துவிட்டார் என்று எழுந்து நின்றுவிட்டுத் தானே வெட்கப்பட்டு உட்காருவார். ஆனாலும் மீதி வராமல் வகுபட்டிருக்கிறது என்பதில் மனுஷனுக்குத் திருப்தி. எல்லாவற்றிலும் பெரிய பங்கு நர்ஸுக்கு. அவரை ஒரே ஒரு தடவை பார்க்க வேண்டும் என்ற ஏக்கம் அப்படியே முழுசாக அவளிடம் போய்விட்டது. பல்லக்காவுக்கு வந்தது என்னவென்றால், காலையில் கண் விழித்ததும் மனுஷன் குடை எடுத்துக்கொண்டு போனாரா என்ற கவலை. அது கொஞ்ச நேரம் இருக்கும். பல் தேய்ப்பதற்குள் போய்விடும்.

அடக்கம் முடிந்த கொஞ்ச நாளில் அவள் செயலாளர் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"சார், என் புருஷன் செத்ததுக்கு நான் அழ வேண்டாமா? என்னுதை எனக்குக் குடுத்துடுங்க."

"நாங்க யாரும் எடுத்துக்கலையேம்மா. அதுவா வந்தது. திருப்பிக் குடுக்கத் தெரிஞ்சா குடுத்திருக்க மாட்டோமா?"

"அவர் எனக்கு யாரோ எவரோங்கற மாதிரி இருக்கு சார். படத்தைப் பாத்தா, பல் வரிசை நல்லா இருக்கேன்னுதான் தோணுது. வேற ஒண்ணும் தோணலை."

செயலாளர் கையைப் பிசைந்தார். அவருக்கு உண்மையிலேயே மனசு கேட்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் அவள் கூடத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்து, அவரவர் பங்கை அவள் பக்கமாகத் தள்ளிப் பார்த்தார்கள். எப்படித் தள்ளுவது என்று யாருக்குத் தெரியும்? ஒருவர் அவள் தலையில் கை வைத்தார், ஒருவர் காதருகே அழுதார், தபால்காரர் முகத்துக்கு நேராக நின்று நன்றாகத் திட்டிப் பார்த்தார். ஒன்றும் நகரவில்லை. கடைசியில் எல்லாரும் முகம் வீங்கிக் களைத்துப்போக, பல்லக்காதான் எல்லாருக்கும் டீ போட்டுக் கொடுக்க வேண்டியதாயிற்று. கட்டடத்தை விட்டு விலகி இருந்தாலாவது வருமா என்று வெளியூரில் இருந்த அக்காள் வீட்டில் போய்த் தங்கிப் பார்த்தாள். அங்கேயும் குடைதான். "என்ன பொம்பளைடி நீ, கல்லா நெஞ்சு?" என்று கூடப்பிறந்தவளே கேட்டாள். இவளுக்கு அதற்கும் அழுகை வரவில்லை, பெட்டியைக் கட்டிக்கொண்டு திரும்பிவிட்டாள்.

அதற்குப் பிறகுதான் அவள் சாயங்காலங்களில் வீடு வீடாகப் போக ஆரம்பித்தாள். தன் துக்கத்தைப் பார்த்துவிட்டு வரப் போவாள். போய் உட்காருவாள், "இன்னிக்கு எப்படி இருக்கு?" என்று கேட்பாள், அவர்கள் சொல்வார்கள். ஆஸ்பத்திரியில் கிடக்கிறவரைப் பார்க்கப் போவது மாதிரி அது பழகிப்போனது. வருஷங்கள் போயின. மற்றவர்களுடைய பங்குகள் ஒவ்வொன்றாகத் தேய்ந்தன. தபால்காரரின் கோபம் ஆறி, ஓய்வு பெற்று, பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சிரித்த முகமாகத் திரிந்தார். முடிவெட்டுகிறவர் ஒருநாள் செருப்பைத் துடைக்க மறந்தார், பிறகு மறந்தது மறந்தபடியே இருந்தது. சாவிச் சத்தம் செயலாளரை எழுப்பவில்லை. அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது, துக்கம் எந்த வீட்டில் இருந்தாலும் தேயத்தான் செய்கிறது. நர்ஸிடம் இருந்தது மட்டும் தேயவில்லை.

டியூட்டி முடிந்து வந்ததும் நர்ஸ் சமையலறை ஜன்னலில் நின்று பஸ் நிறுத்தத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பல்லக்கா பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, அந்த முகத்தையே பார்ப்பாள். பசித்தவன் அடுத்தவன் சாப்பிடுவதைப் பார்ப்பது போன்ற பார்வை அது. ஒருநாள் நர்ஸ் திரும்பாமலே கேட்டாள். "அக்கா, அவருக்குக் காதுக்குப் பின்னால ஒரு மச்சம் இருந்துச்சா?"

பல்லக்காவுக்கு ஞாபகமே வரவில்லை. இருபத்துச் சொச்சம் வருஷம் கூட இருந்தவள் அவள். "இருந்திருக்கும்," என்று சொல்லிவிட்டு வந்தவள், அன்று மெழுகை அடுப்பில் வைத்துக் கருக விட்டாள். அந்த நர்ஸ்மேல் அவளுக்கு இருந்த பொறாமையைச் சொல்லி முடியாது. ஆனால் மறுநாள் சாயங்காலமும் போனாள், போகாமல் இருக்க முடியவில்லை.

நர்ஸின் கணவன் பஸ் டிரைவர். வாயில்லாப்பூச்சி. அவன்தான் ஒருநாள் படியில் பல்லக்காவை நிறுத்தி, வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிவிட்டதாகச் சொன்னான்.

"அவளை மட்டுமாவது விட்டுட்டுப் போ தம்பி," என்றாள். பேசுவது இன்னதென்று தெரியாமல் பேசினாள்.

"அக்கா, இத்தனை வருஷமா என் பொண்டாட்டி ஜன்னல்ல நின்னுட்டு வேற ஒருத்தரைத் தேடறா. நான் பக்கத்துலயேதான் நிக்கிறேன்."

பல்லக்கா அங்கிருந்தே செயலாளரிடம் போனாள். போகிறவர்களைத் தடுக்க எந்த விதியும் இல்லை என்று அவர் சொன்னார், விதி இருந்தாலும் தடுக்க மனசு வராது என்றும் சொன்னார். ஒருவேளை ஏக்கம் வீட்டோடு ஒட்டியிருக்கலாம், புதிதாக வருகிறவர்களுக்கு அது போகலாம் என்று தேற்றினார். அதை அவரே நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

கிளம்புகிற அன்று குடியிருப்பே சாமான் இறக்கியது. கட்டிலை நான்கு பேர், பீரோவை ஆறு பேர். கேட்டருகில் லாரியில் ஏறும் முன் நர்ஸ் பல்லக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. "என்னால முடிஞ்ச வரைக்கும் பத்திரமா வெச்சிருப்பேன்க்கா." டிரைவர் வேறு பக்கம் பார்த்தான். லாரி உறுமிக்கொண்டு கேட்டைத் தாண்டியது. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள் நர்ஸ். பின்சக்கரம் கேட்டுக்கு வெளியே போன நிமிஷம், இனி இந்தக் கட்டடத்து ஆள் இல்லை என்றானதும், அவள் முகம் தெளிந்தது. தூங்கி எழுந்தவள் முகம் போல ஆனது. தலையை உள்ளே இழுத்துக்கொண்டு, அடுப்பை லாரியில் ஏற்றியாச்சா என்று கணவனிடம் கேட்டது பல்லக்காவுக்குத் தெளிவாகக் கேட்டது. அவனும் ஏதோ சொல்ல, இரண்டு பேரும் சிரித்தார்கள். தெருவில் போய்க்கொண்டிருந்த யாரும் நிற்கவில்லை, யாரும் நெஞ்சைத் தொட்டுக்கொள்ளவில்லை. அவளிடமிருந்து விழுந்த ஏக்கம் யார்மேலும் விழவில்லை.

இனி உலகத்தில் அந்த மனுஷனைப் பார்க்க வேண்டும் என்று ஏங்க ஓர் ஆள் இல்லை. அது பல்லக்காவுக்கு அப்போதுதான் புரிந்தது. கேட்டுத் திண்டில் உட்கார்ந்தாள். அடிவயிற்றிலிருந்து ஏதோ புறப்பட்டு மேலே வந்தது, இது என்னுது என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. பயமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. வாயைத் திறந்து ஒரு முறை, ஒரே ஒரு முறை, விம்மினாள்.

இரண்டாவது விம்மல் முதல் மாடியிலிருந்து வந்தது. பேரப்பிள்ளையைக் கீழே இறக்கிவிட்டுத் தபால்காரர் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார். பிறகு இரண்டாம் மாடியில், தையற்காரி வீட்டில். பிறகு மேலே, அதற்கும் மேலே. பீரோவை ஏற்றிவிட்டுத் திரும்பியவர்கள் அங்கங்கே படியிலேயே உட்கார்ந்தார்கள். செயலாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஐயோ, பல்லக்கா, வேணும்னு பண்ணலம்மா," என்று சொல்லிச் சொல்லி அழுதார்.

அவள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தது. கேட் திறந்து கிடக்கிறதே, சாத்த வேண்டுமே என்ற நினைப்பு அவளுக்கு வந்தது. அவள் பங்கு அதுதான். எழுந்து போய்ச் சாத்தினாள், கொக்கியையும் போட்டாள். பிறகு யார் வீட்டுக்கு முதலில் போவது என்று யோசித்துக்கொண்டே படியேறினாள்.