நான்காவது பாட்டில் கரைந்த குரல்

மோர்வெனுக்கும் ரூரிக்கும் இடையே ஒரே ஒரு விதிதான். ஒருவர் செய்ததை மற்றவர் அழிக்கக் கூடாது, மேலே சேர்க்கலாம். மோர்வென் பாடுவது ட்ரீம் பாப், அரைத்தூக்கத்தில் பேசுவதுபோல் இருக்கும். கிளாஸ்கோவில் பாடி ஸ்கை தீவுக்கு அனுப்புவாள். அங்கே பழைய தேவாலயம் ஒன்றை வாங்கிக் குடியிருக்கும் ரூரி ஆம்பியன்ட் கலைஞர். ஒரே சுரத்தைப் பத்து நிமிடம் இழுத்துவிட்டு அதைத் தியானம் என்பார். வந்த பாட்டின் மேல் எதிரொலியை ஊற்றித் திருப்பி அனுப்புவார். ஒரு வருடம் இப்படிப் போனது. ஆற்றில் கரைத்த புளியை ஆல்பம் என்றார்கள்.

முன்னோட்டம் கேட்க வந்தவர்கள் அந்தத் தேவாலய வாசலில் காலணிகளைக் கழற்றிவிட்டு, கூடத்தில் பாய் விரித்துக் கண்மூடிப் படுக்க வேண்டும். ஈரக் காலுறை நாற்றத்தின் நடுவே எல்லோரும் பரவசமாக முகத்தை வைத்துக்கொண்டார்கள். பத்திரிகைக்காகப் போயிருந்த நான் முதுகுவலி என்று சொல்லி நாற்காலி வாங்கிக்கொண்டேன். பக்கத்து நாற்காலியில் மோர்வெனின் அக்கா இஷ்பெல் பூட்ஸோடு உட்கார்ந்திருந்தாள்.

அம்மாவின் அடக்கத்துக்கு மோர்வென் வரவில்லை. ஜெர்மனியில் கச்சேரி. அன்றிலிருந்து இஷ்பெல் அவளோடு பேசுவதில்லை. "நாலாவது பாட்டை மட்டும் வந்து கேளு. அப்புறம் உன் இஷ்டம்" என்று தங்கை செய்தி அனுப்பியிருந்தாள்.

"நாலாவது எப்ப வரும்?" என்று இஷ்பெல் என்னிடம் கிசுகிசுத்தாள்.

"இதுதான்."

"இதுவா? நான் ஃப்ரிட்ஜ் ஓடுதுன்னு நெனச்சேன்."

பாட்டு முடிந்தது. பாயில் கிடந்த விமர்சகர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இதுல குரல் இல்ல. குரலோட நினைவுதான் இருக்கு" என்று ரூரி விளக்கினார். பலர் தலையாட்டினார்கள்.

இஷ்பெல் கோட்டை எடுத்தபடி, சுவரோரம் நின்ற தங்கையைப் பார்த்தாள். "என்னடி சொல்ல வந்தே? ஒரு வார்த்தை காதுல விழல."

மோர்வென் ரூரியின் பக்கம் திரும்பினாள். "என் பாட்டு எங்க?"

"உள்ளதான் இருக்கு. நான் எதையும் எடுக்கலையே. விதி விதிதான்."

"சரி. மறுபடி போடு."

அதே இரைச்சல் எழுந்தது. மோர்வென் பாய்களுக்கு நடுவே நின்று, மைக் இல்லாமல், அதன் மேலேயே பாடத் தொடங்கினாள். 'அம்மா மேல் நீ மண் போட்டபோது ஹாம்பர்க்கில் நான் மைக்கைச் சோதித்துக்கொண்டிருந்தேன்' என்று பாட்டு ஆரம்பித்தது. மேல் சுரத்தில் குரல் உடைந்தது. படுத்திருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கண்ணைத் திறந்தார்கள். இவ்வளவு தெளிவான துக்கத்தை அவர்கள் எதிர்பார்த்து வரவில்லை.

"நிறுத்து மோர்வென், எல்லாம் கெட்டுப்போகுது."

"நான் எதையும் எடுக்கல ரூரி. மேல சேர்க்கறேன்."

ரூரி சிறிது யோசித்தார். பிறகு கைப்பேசியைத் தேட ஆரம்பித்தார். பதிவுசெய்துகொண்டால் இதற்கும் கொஞ்சம் எதிரொலி போடலாமாம்.

ஒரு கையை மட்டும் கோட்டில் நுழைத்தபடி இஷ்பெல் நின்றிருந்தாள்.

"ஹாம்பர்க் இல்லடி, பிரெமென்" என்றாள். "அன்னைக்குப் பூரா நீ எந்த ஊர்ல இருக்கேன்னுதான் போன்ல தேடிட்டிருந்தேன்."

மோர்வென் பாட்டை நிறுத்திவிட்டாள்.

இஷ்பெல் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டு உட்கார்ந்தாள். "ஏன் நிறுத்திட்டே? ஊரை மாத்திப் பாடு. மிச்சத்தையும் கேக்கறேன்."