திரௌபதியின் பீரோவில் இருந்த ஒயின்

வட ஆற்காட்டைப் பிரித்துத் திருவண்ணாமலையைத் தனி மாவட்டமாக்கிய 1989 புரட்டாசியில், செங்கம் ரோட்டை ஒட்டிய எங்கள் தெருவே திறக்காத ஒரு பாட்டிலால் போதையேறிக் கிடந்தது. பாட்டில் திரௌபதி வீட்டு பீரோவில், கூறைப்புடவைக்கு அடியில் படுத்திருந்தது. பீரோ பூட்டியிருந்தது. சாவி திரௌபதியின் தாலிக்கயிற்றில் ஊக்கோடு தொங்கியது. பாட்டிலின் வாயில் வைத்த அரக்கில் ஒரு நகக்கீறல்கூட இல்லை. இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். அதைக் கேட்டுத்தான் ஒரு குடும்பம் ஒரு வருஷம் சீரழிந்தது.

பாட்டில் எமில் என்ற பிரெஞ்சுக்காரருடையது. ஆசிரமத்துக்கு வந்த மனிதர், திரௌபதி வீட்டு மாடியறையில் ஆறு மாதம் வாடகைக்கு இருந்தார். அவருக்கு ஊரில் திராட்சைத் தோட்டம் இருந்தது, தாத்தாவுக்குத் தாத்தா வைத்தது. அவ்வளவு கிழட்டுக் கொடி காய்ப்பது கம்மி; ஆனால் அதன் வேர் பாறைக்குள் இறங்கி, பாறையின் ருசியையே பழத்துக்கு ஏற்றிவிடும் என்று பாதித் தமிழிலும் பாதி சைகையிலும் டீக்கடையில் சொல்லிக்கொண்டிருப்பார். அந்தச் சிவப்பு ஒயினை மோந்தால் நாவல்பழம், ஈரமண், கிராம்பு, புதுச் செருப்பு என்று ஒவ்வொன்றாக வருமாம். டீக்கடை சுப்பன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அம்மாம் பழசுன்னா புளிச்சிப் போயிருக்காதா சார்?" என்றான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் ஊர் ஒயின்ஷாப்பில் பிராந்தி விற்கும், ரம் விற்கும். ஒயினை யாரும் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

மனசு அடங்குகிற அன்றைக்குத் தனியாக உட்கார்ந்து குடிக்கலாம் என்று ஒரே ஒரு பாட்டிலை எமில் கடல் தாண்டிக் கொண்டுவந்திருந்தார். ஆறு மாதத்தில் அடங்கவில்லை போலும். பங்குனியில் ஊருக்குக் கிளம்பும்போது பாட்டிலைத் திரௌபதியின் கையில் கொடுத்து, "நான் வரும். அதுவரைக்கும் இது படுக்கணும். இருட்டு வேணும்" என்றார். ஒருவர் நம்பி ஒப்படைத்த பொருளை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? வாங்கிக்கொண்டாள். வாங்கிய கையோடு பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியைத் தாலிக்கயிற்றில் கோத்துக்கொண்டாள்.

காரணம் அவள் புருஷன் பரசுராமன். ஆசிரமத்துக்கு எதிர்ச்சாரியில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தவன். இரண்டு வருஷம் முன்புவரை அவன் குடித்த குடிக்குக் கணக்கே கிடையாது. ஒருநாள் திரௌபதி அவனைக் கோயிலுக்கு இழுத்துப்போய், எரியும் கற்பூரத்தைக் கையால் அடித்துச் சத்தியம் பண்ண வைத்தாள். உள்ளங்கையில் இன்னமும் தழும்பு இருக்கிறது. ஒரு சொட்டு நாக்கில் பட்டாலும் கீழ்பென்னாத்தூரில் அண்ணன் சக்கரபாணி வீட்டுக்குப் போய்விடுவேன், அப்புறம் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்று அவளும் அங்கேயே சொல்லியிருந்தாள். அன்றிலிருந்து அவன் குடிக்கவில்லை. ஆனால் சைக்கிள் சாவியைத் தொலைத்துவிட்டு வருகிறவர்களுக்கு அவன்தான் ஸ்போக்ஸ் கம்பியை விட்டுப் பூட்டைத் திறந்து கொடுப்பான். பீரோ பூட்டெல்லாம் அவனுக்கு எம்மாத்திரம்? இந்த ஒரு நினைப்பு போதாதா ஒரு பொம்பளையின் தூக்கத்தைக் கெடுக்க.

புரட்டாசியில்தான் எமிலின் ஊரில் திராட்சை அறுப்பார்களாம். அது நமக்கு எப்படித் தெரியும்? மூன்றாம் சனிக்கிழமை காலையில் சுப்பன் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு, யாரோ தெருவில் நாவல்பழம் கொட்டிவிட்டார்கள் என்று தேடினான். பக்கத்து வீட்டுக் கஸ்தூரி ஈரமண் வாசம் அடிக்கிறது, மழை வரும் என்று வடகத்தை அள்ளி உள்ளே வைத்தாள். தபால்காரர் புதுச் செருப்பு என்றார். பத்து மணிக்குள் காக்கைகள் பறப்பதை விட்டுவிட்டுத் தெருவில் நடக்க ஆரம்பித்தன. நாமம் போட்டுச் சொம்பெடுத்துக் கோவிந்தா சொல்லி அரிசி வாங்க வந்த கூட்டம் திரௌபதி வீட்டு வாசலைத் தாண்ட முடியாமல் நின்று, சாயங்காலம்வரை பாடிக்கொண்டே இருந்தது. நாத்தனாரோடு நாலு வருஷமாகப் பேசாத கஸ்தூரி அவளைக் கட்டிப்பிடித்து அழுதாள். கவிச்சியே தொடாத மாதத்தில் ஒரு தெருவே தள்ளாடுகிறது என்று யாரோ சொல்லி, போலீஸ்காரர் வந்து ஒவ்வொருவராக ஊதச் சொன்னார். ஒருவர் வாயிலும் ஒன்றுமில்லை. கடைசியில் அவரே கோவிந்தா கூட்டத்தோடு உட்கார்ந்து தாளம் போட்டார்.

பரசுராமன் ஒருவன்தான் எந்தச் சலனமும் இல்லாமல் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தான். "ஏங்க, உங்களுக்கு வாசன வரல?" என்று திரௌபதி கேட்டாள். "எனக்கு ஒண்ணும் வரலையே" என்றான். அதோடு விட்டிருக்கலாம். எங்கே விட்டாள்?

அதற்கப்புறம் வருஷா வருஷம் இதே கதைதான். புரட்டாசி வந்தால் ஒருநாள் வாசனை வரும், தெரு தள்ளாடும், மறுநாள் அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். வேட்டியை மடித்துக் கட்டுவதுபோல அதற்கும் பழகிவிட்டோம். ஆயுத பூஜைக்கு வீடு துடைக்கும்போது திரௌபதி பாட்டிலை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். அரக்கு அப்படியே இருக்கும், உள்ளே ஒயின் மட்டும் விரல் அளவு இறங்கியிருக்கும். ஒவ்வொரு வருஷமும் பரசுராமனிடம் வாசனை வருகிறதா என்று கேட்பாள். அவனும் ஒவ்வொரு வருஷமும் இல்லை என்று தலையாட்டுவான். கிளிப்பிள்ளை தோற்றது போங்கள். இதற்கு நடுவில் மாவட்டத்தின் பெயர் ஒருதரம் மாறியது, பௌர்ணமிக்கு மலை சுற்ற வருகிற கூட்டம் தெருக்கொள்ளாமல் பெருகியது, சைக்கிள் வாடகை ஏறியது. பரசுராமனின் பதில் மட்டும் மாறவே இல்லை.

1994 ஆயுத பூஜையன்று பார்த்தபோது பாட்டிலில் பாதிதான் இருந்தது. திரௌபதி அதைக் கஸ்தூரியிடம் சொல்லித் தொலைத்தாள். கஸ்தூரியின் புருஷன் ராமகிருஷ்ணன் கம்பவுண்டர். சும்மா இருக்கிற வாயா அது? அரக்கை உடைக்காமலே கார்க்குக்குள் ஊசியை விட்டு உறிஞ்சி எடுக்கலாம், தெரியவே தெரியாது என்று சாப்பிட்டுக்கொண்டே சொல்லியிருக்கிறார். கஸ்தூரி கை கழுவாமல் ஓடிவந்தாள். "அக்கா, ஊருக்கே வாசன வருது, உன் ஊட்டுக்காரருக்கு மட்டும் வரலன்னா என்னா அர்த்தம்? குடிக்கிறவன் வாசன குடிக்கிறவனுக்குத் தெரியுமா?" என்றாள். யோசித்துப் பார்த்தால் தலையும் இல்லை, வாலும் இல்லை. ஆனால் ஐந்து வருஷமாகப் பயந்துகொண்டிருந்தவளுக்கு அது வேதவாக்காகப் பட்டது.

பரசுராமன் சைக்கிள்களுக்குச் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தான். திரௌபதி போய் நின்று, ஊசியை எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்டாள். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. "நான் குடிக்கல, திரௌபதி" என்றான். அவ்வளவுதான். வேறு மனிதனாக இருந்தால் கத்தியிருப்பான், கற்பூரம் கொண்டுவா இன்னொரு தரம் அடிக்கிறேன் என்றிருப்பான். இவன் குங்குமக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். அந்த நிற்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. பாட்டிலைப் பழைய துண்டில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு கீழ்பென்னாத்தூர் பஸ் ஏறினாள். ஒப்படைத்த பொருளாயிற்றே, விட்டுவிட்டுப் போகவும் முடியாது. அன்று அந்த பஸ் கேட்காத இடத்திலெல்லாம் நின்றது. கண்டக்டர் யாருக்கும் டிக்கெட் கொடுக்கவில்லை, எல்லாரையும் நலம் விசாரித்தார்.

அண்ணன் வீட்டில் பாட்டிலை டிரங்குப் பெட்டியில் பூட்டி, மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டைகளுக்குப் பின்னால் வைத்தாள். சக்கரபாணி நல்ல மனிதர். "இருக்கிற வரைக்கும் இரும்மா" என்றார், ஒன்றும் கேட்கவில்லை. அவர் மனைவி வெள்ளையம்மாள்தான் தினமும் கேட்டாள். பரசுராமன் ஒருதரம்கூட வரவில்லை. தீபத்துக்கு அழைத்துப்போகக்கூட வரவில்லை. சமாதானம் பேசப் போன என்னிடம், "அவளா வரட்டும்" என்றுவிட்டுச் சைக்கிளுக்குக் காற்றடித்தான். இரண்டு பேரையும் ஒரே ரூமில் பூட்டிவைக்க வேண்டும் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

அடுத்த புரட்டாசியில் எங்கள் தெருவுக்கு வாசனை வரவில்லை. கீழ்பென்னாத்தூருக்கு வந்தது. சக்கரபாணியின் மாடுகள் ஏரில் பூட்டியபடியே கொல்லையில் உட்கார்ந்து, அசைபோட்டுக்கொண்டு எழுந்திருக்க மறுத்தன. வெள்ளையம்மாள், எங்கோ கிராம்பு தாளிக்கிறார்கள் என்று சொல்லிச் சிரித்தாள். சிரிப்பை நிறுத்த முடியாமல் களத்தில் படுத்துவிட்டாள். திரௌபதிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. மூட்டைகளைத் தள்ளி, பெட்டியைத் திறந்து, பாட்டிலை வெயிலில் பிடித்தாள். விரல் அளவு இறங்கியிருந்தது. சாவி அவள் கழுத்தில்தான் கிடந்தது. புருஷன் இருபது கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தான். களத்துமேட்டிலேயே உட்கார்ந்து, தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அன்றைக்கே பஸ் பிடித்தாள்.

வந்து நின்றவளைப் பார்த்து பரசுராமன் கேட்டது, "சாப்ட்டியா?" அவ்வளவுதான். ஒரு வருஷம் தானே பொங்கி, தானே துவைத்து, ஊர் வாயில் விழுந்து கிடந்தவன் ஏன் போனாய் என்றும் கேட்கவில்லை, ஏன் வந்தாய் என்றும் கேட்கவில்லை. திட்டினால் பதிலுக்கு அழுது தீர்த்துவிடலாம் என்று வந்தவளுக்கு அதற்கும் வழியில்லை. போய் உலை வைத்தாள். அதன்பின் வாசனையைப் பற்றி அவள் கேட்பதையும் விட்டுவிட்டாள், அவனும் பேச்செடுக்கவில்லை. இப்படியே எட்டு வருஷம் ஓடியது.

2003இல், ஆயுத பூஜை கழித்து எமில் வந்தார். முடியெல்லாம் வெளுத்துக் கைத்தடி ஊன்றியிருந்தார். திரௌபதி பாட்டிலை எடுத்துவந்து அவர்முன் வைத்தாள். அரக்கு முழுசாக இருந்தது, உள்ளே ஒன்றும் இல்லை. "யாரு குடிச்சது?" என்று கேட்டார். "தெருவே குடிச்சிது சார். கோவிந்தா பாட வந்தவங்க, போலீஸ்காரரு, காக்கா, எங்க அண்ணன் ஊட்டு மாடுங்க" என்று அவள் வரிசையாகச் சொன்னாள். எமில் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். நான் ஒருத்தனாகக் குடிக்க வைத்திருந்தேன், ஒயினுக்கு என்னைவிட ஜாஸ்தி புத்தி இருந்திருக்கிறது என்றார். பிறகு அரக்கைத் தட்டிவிட்டு, திருகு கம்பியை விட்டுக் கார்க்கைப் பிடுங்கினார். கடைசியாக மிச்சம் இருந்த கொஞ்சம் வாசனை வெளியே வந்து அந்த அறையோடு நின்றது.

திரௌபதி பாட்டிலைப் பார்க்கவில்லை. பரசுராமனைப் பார்த்தாள். அவன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தான். தழும்பு விழுந்த உள்ளங்கையை இறுக்கிக்கொண்டிருந்தான். எமில் ஆசிரமத்துக்குப் போகும்வரை பொறுத்திருந்தாள்.

"உங்களுக்கு வாசன வருதில்ல?" என்றாள்.

"வரும். வருஷா வருஷம் வரும். தெருவுக்கு வர்றதுக்கு மொத நாளே எனக்கு வந்துடும்."

"அப்ப ஏங்க வரல வரலன்னு சொன்னீங்க?"

"வருதுன்னு சொன்னா நீ நிம்மதியா இருந்திருப்பியா?"

அவளுக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "இத அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருந்தா நான் ஏன் போறேன்? ஊரெல்லாம் உங்கள என்னென்ன பேசுச்சி" என்று அவன் தோளில் ரெண்டு அடி வைத்தாள். அவன் அடியை வாங்கிக்கொண்டு சொன்னான்: "நீ அங்க போயிருந்தியே, அந்த வருஷம்தான் வரல. அந்த வருஷம்தான் என்னால முடியல. ஒயின்ஷாப் வரைக்கும் போயி நின்னுட்டு, திரும்பி வந்துட்டேன்." திரௌபதி அதற்குமேல் அடிக்கவில்லை. அவன் கையை எடுத்துத் தழும்பின்மேல் தன் கையை வைத்துக்கொண்டு அழுதாள்.

காலிப் பாட்டிலை எமில் அவளுக்கே கொடுத்துவிட்டுப் போனார். அவள் அதில் தண்ணீர் ஊற்றி மணிபிளான்ட் வைத்து, சமையற்கட்டு ஜன்னலில் நிறுத்தினாள். புரட்டாசியில் ஒருநாள் அந்தக் கொடியின் இலையெல்லாம் சிவந்துபோகும், தெருவுக்குப் பழைய வாசனை வரும், மறுநாள் இலை பச்சையாகிவிடும். அன்றைக்குத் தெருவில் யாரும் முக்கியமான வேலை வைத்துக்கொள்வதில்லை. கோவிந்தா பாடுகிறவர்களும் எங்கள் தெருவைக் கடைசியில்தான் வைத்துக்கொள்கிறார்கள். இலை சிவப்பதற்கு முந்தின நாள் காலையில், காபியை வாங்கும்போது பரசுராமன் சொல்வான், "வருது." டம்ளரை அவன் கையில் கொடுத்துக்கொண்டே திரௌபதி சொல்வாள், "வரட்டும்."